செருப்பு ஏறாத படகு

எஸ்டேட் துரையின் மேஜையில் விரிந்து கிடந்த அந்தப் பக்கத்தில் மூன்று ரப்பர் படகுகள் இருந்தன. மூன்றுக்கும் ஒரே சாம்பல் நிறம், ஒரே உப்பிய கன்னம். கொச்சியிலிருந்து ஏதோ கடைக்காரர் அனுப்பிய புத்தகம். மூணாறுக்கு மேலே, அணைத் தண்ணீரை ஒட்டிய எங்கள் எஸ்டேட்டுக்கு ஒரு சின்ன மோட்டார் படகு உண்டு. அதை ஓட்டியவன் நான். அக்கரையில் இருந்த ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு ரோட்டில் சுற்றினால் அரை நாள், தண்ணீரில் இருபது நிமிடம். ஆனால் கோடையில் அணை வற்றினால் மோட்டார் படகு கரையை அண்டாது. ஆட்களைச் சேற்றுக்கு மேலாகக் கொண்டு சேர்க்க ஒரு குட்டிப் படகு வேண்டும். வேலை முடிந்ததும் சுருட்டிப் பெரிய படகுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். "சுமக்கப் போறவன் நீ. எது வேணும்னு நீயே சொல்லு" என்றார் துரை. எழுபதுகளின் நடுவில், இருபத்து நாலு வயதில், என்னைக் கேட்டு ஒருவர் ஒரு பொருள் வாங்கியது அதுதான் முதல் தடவை.

முதல் படகுக்குப் பலகைத் தரை. நின்றால் வீட்டுத் தரை மாதிரி அசையாது; ஆனால் எடை, ஒவ்வொரு தடவையும் கோத்து மாட்டுகிற வேலை, இடுக்கில் புகுந்து ரப்பரை அரிக்கிற மணல். இரண்டாவதற்குக் குறுக்குச் சட்டங்கள். பாய் போலச் சுருளும், கால் வைக்கிற இடமெல்லாம் குழியும். மூன்றாவதற்குத் தரையே காற்று. மிதி பம்ப்பால் ஊதினால் விறைக்கும், இறக்கினால் படுக்கைச் சுருள் அளவுக்கு அடங்கிவிடும். அந்தப் படத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் ஒரு பூட்ஸ். பூட்ஸின் மேல் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் நெஞ்சுக்குள் வெகுநாளாகப் படுத்துக் கிடந்த ஒன்று எழுந்து உட்கார்ந்தது.

முந்தைய வருடம் அப்பாவின் பாதத்தில் செடி வெட்டும் கவாத்துக் கத்தி இறங்கியிருந்தது. புண் ஆறுகிற வழியாக இல்லை. மறையூருக்கு பஸ் ஏறிப் போய் ஒரு ஜோடி டயர் செருப்பு வாங்கி வந்தார். கறுப்பு, வார் மட்டும் சிவப்பு. மறுநாள் விடிகாலை, பெயர் படித்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனார். பூட்ஸ் காலோடு நின்ற பீல்டு ஆபிசர் பெயர் படிப்பதை நிறுத்தினார். "என்ன மாப்பிள்ளை, பொண்ணு பாக்கவா கெளம்பிட்டீரு?" சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களின் பெயர் நாளைக்குப் படிக்கப்படாமல் போகலாம். "கழத்துடா. தலையில வைடா." அப்பா கழற்றினார். தலையில் வைத்தார். எண்பது பெயர்கள். எண்பதும் முடியும்வரை, செருப்பிலிருந்த பனிச்சேறு நெற்றியில் ஒழுக, கைகளால் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பெயரைக் கடைசியில்தான் படித்தார் ஆபிசர். "இருக்கேன்யா" என்றார் அப்பா. இருபது வருடமாகத் தற்காலிக ஆள். அவர் சோறு பெயர் படிக்கிற அந்த நாக்கின் நுனியில் இருந்தது. ஆபிசரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான். அவமானம் எங்கள் வீட்டுத் தமிழிலேயே வந்து இறங்கியது. அதன் பிறகு அந்தச் செருப்பை நான் பார்க்கவில்லை. எங்கே என்று கேட்கவும் இல்லை.

"மூணாவது நல்லதுங்க துரை" என்றேன். இலேசு. ஒரு ஆளே தூக்கலாம். சீக்கிரம் ஊதலாம். நம் படகில் வைக்க அதற்குத்தான் இடம் இருக்கிறது. சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் எனக்கு இனித்தது. கோபத்தில் கல்லெறிகிறவன் குறி தப்புவான். நான் காரணங்களை அடுக்கிவைத்துக் காத்திருந்தேன்.

படகு வந்தது. துரைக்குப் புதுப் பொம்மை கிடைத்த சந்தோஷம். வெறுங்காலோடு ஏறிக் குதித்துப் பார்த்தார். கூட வந்த தாளைப் படித்துவிட்டு, பெயின்டரைக் கூப்பிட்டு மோட்டார் படகின் பக்கவாட்டில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதச் சொன்னார்: 'பூட்ஸ், செருப்பு, ஆணி, முள், எதுவும் ரப்பர் படகில் ஏறக் கூடாது.' எங்களுக்கு அது ஒரு சட்டமே இல்லை. கழற்ற எங்களிடம் எதுவும் கிடையாது.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்து இரண்டு நாள். அணை நிறையவில்லை, காட்டில் ரத்தம் குடிக்கிற அட்டை மட்டும் நிறைந்திருந்தது. அன்றைக்கு ஒன்பதாம் நம்பருக்குக் கொழுந்து எடுக்கும் பெண்களும், களை எடுக்க அப்பாவோடு நாலு ஆண்களும், மேற்பார்வைக்கு ஆபிசரும். கரையை அண்ட முடியாமல் தள்ளி நிறுத்தி, ரப்பர் படகை ஊதி இறக்கினேன். ஆபிசர் எழுத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார், படகு விளிம்பில் உட்கார்ந்து ஆணி அடித்த பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். அட்டை கடிக்காமலிருக்க முழங்கால்வரை போட்டிருந்த சாக்ஸையும் உருவி பூட்ஸுக்குள் திணித்தார். வெயிலே படாத இரண்டு வெளுத்த பாதங்கள். "ஐயா காலு பால்கோவால்ல!" என்று ஒருத்தி முந்தானைக்குள் சொன்னாள். "அட்டைக்கு இன்னைக்குக் கல்யாணச் சாப்பாடுடி" என்றாள் அடுத்தவள். அந்த ஒரு நிமிடத்தை நான் சர்பத் மாதிரி உறிஞ்சினேன்.

அடுத்த நிமிடமே கசந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆபிசர் பூட்ஸைப் பின்னால் நீட்டினார். "பிடிடா. அடுத்த நடையில கொண்டா." நீட்டிய இடத்தில் நின்றது அப்பா. வாங்கினார். வாங்கியது மட்டுமா, தோள் துண்டால் துடைக்கவும் செய்தார். நான் போட்ட கணக்கெல்லாம் சேற்றுத் தண்ணீரில் கரைந்து போனது.

ஆபிசரை இறக்கிவிட்டு, துடுப்புப் போட்ட ஆளோடு ரப்பர் படகு திரும்பி வந்தது. பூட்ஸோடு அப்பா காலெடுத்து வைக்கப் போனார். குறுக்கே நின்றேன்.

"பூட்ஸை இங்க வைப்பா."

"ஏலே, அவரு கேப்பாருலே."

"துரை எழுதிப் போட்டிருக்காரு. ஏறக் கூடாது."

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் படகை நான் எதற்காகத் தேர்ந்தேன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மெதுவாக, சத்தம் வராமல், பூட்ஸைப் பலகைமேல் வைத்துவிட்டு ரப்பர் படகில் இறங்கிப் போனார்.

கரையிலிருந்து சத்தம் வந்தது. "ஏலே! பூட்ஸ் எங்கடா?"

"துரை உத்தரவுய்யா! ரப்பர் படகுல பூட்ஸ் ஏறக் கூடாது!" என்று படகிலிருந்தே கத்தினேன்.

"கையிலதானடா கொண்டாரச் சொன்னேன்!"

"கையில இருந்தாலும் ஆணி ஆணிதானய்யா!"

பெண்கள் இந்தத் தடவை முந்தானையைத் தேடவில்லை. வாய்விட்டே சிரித்தார்கள். ஆபிசரால் மீற முடியும். மீறினால் துரை காதுக்குப் போகும். வெறுங்காலோடு மலையேறினார்.

சாயங்காலம் திரும்பும்போது ஆபிசர் படகில் உட்கார்ந்து கால் விரலிடுக்கில் அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ரத்தம் பலகையில் சொட்டியது. அப்பா பின்முனையில் முதுகைத் திருப்பிக்கொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் மட்டும் பார்த்தேன். அட்டைகளை எண்ணினேன்.

மறுநாள் பெரட்டில் அப்பாவின் பெயர் படிக்கப்படவில்லை. அதற்கு மறுநாளும். நான் துரைக்கு நேராக வேலை செய்கிறவன், என்மேல் ஆபிசர் கை வைக்கவில்லை. கை எட்டுகிற இடத்தில் வைத்தார். ஒரு மாதம் தினமும் களத்தில் போய் நின்றுவிட்டு, மற்ற எழுபத்தொன்பது பெயரையும் கேட்டுவிட்டு வந்தார் அப்பா. கொழுந்தெடுத்து எங்களைக் காப்பாற்றிய அம்மாதான் கத்தினாள்: "அப்பனும் மவனும் ஒங்க வீரத்த அடுப்புல போட்டு வேக வைங்க. அதைத் திம்போம்." அந்த வருடமே மலையை விட்டு இறங்கினோம்.

இப்போது பாலக்காட்டின் கிழக்கு ஓரம், வடகரப்பதியில் இருக்கிறோம். இங்கே எல்லாரும் அப்பாவை "வாங்க, உக்காருங்க" என்கிறார்கள். அவருக்கு இன்னும் கூச்சம் போகவில்லை. வயது ஏறினால் கோபம் இறங்கும் என்கிறார்கள். எனக்கு இறங்கவில்லை. அப்பாவுக்கும்தான். சில சாயங்காலங்களில் காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டே கேட்பார், அன்றைக்கு எத்தனை அட்டை இருந்தது என்று. முதல் தடவை பதினேழு என்றேன். பிறகு இருபத்து மூன்று. உண்மையில் நான் எண்ணியது நாலு. நாலே நாலு. அந்த நாலுக்கு விலையாக அவர் பெயர் போனது என்று எந்த வாயால் சொல்வேன்?

நேற்றும் கேட்டார்.

"நாப்பது இருக்கும்ப்பா."

பொக்கை வாய் விரிந்தது. "ரெண்டு காலுலயுமாலே?"

"ஒத்தக் கால்லப்பா."