உப்பு ஜாடியில் தொங்காத சிவப்பு அட்டை

அவளுடைய அப்பா முப்பது வருடம் ஆலையில் எலக்ட்ரீஷியன். பழுது பார்க்கும்போது சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவார்: 'ஆபத்து. தொடாதே.' ஓய்வு பெற்றபோது ஆலை கொடுத்த கடிகாரம் ஒரே மாதத்தில் நின்றுபோனது. அவரே எடுத்து வந்த அட்டைகள்தான் கடைசிவரை உழைத்தன.

எல்லாம் பூனைக்காகச் சமையலறையில் தொங்கின. வெங்காயக் கூடை, பூண்டு டப்பா, திராட்சைக் கிண்ணம், சாக்லேட், காபித்தூள் என அதற்கு ஆகாத எல்லாவற்றிலும். பூனைக்குப் படிக்கத் தெரியாது என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. அதன் பெயர் சூப்பர்வைசர். ஒரு வேலையும் செய்யாது, எல்லாவற்றையும் மேற்பார்வையிடும்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். இன்ஜினியரான அவள் வந்து உப்பு ஜாடியில் ஓர் அட்டையை மாட்டிவிட்டுப் போனாள். அடுத்த முறை வந்தபோது அது சூப் பொடியில் தொங்கியது.

"அப்பா, அது உங்களுக்கு மாட்டினது!"

"சூப் பொடியில வெங்காயம் இருக்கும்மா. அட்டை தீர்ந்து போச்சு."

"அதுக்கு என்னோடதுதான் கிடைச்சுதா?"

"எனக்குத்தான் படிக்கத் தெரியுமே. எனக்கெதுக்கு அட்டை?"

படிக்கத் தெரிந்தவர் செவ்வாய்க்கிழமை பக்கவாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

அன்றிலிருந்து இரண்டு நாளாக சூப்பர்வைசர் எதையும் தொடவில்லை. இன்னும் பட்டினி கிடந்தால் ஈரல் கெட்டுவிடும் என்றார் கால்நடை மருத்துவர்.

அத்தை, அப்பாவின் அக்கா, வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்கிய கோழியோடு வந்தாள்.

"வாசனைக்கே ஓடி வரும் பாரு."

"வெங்காயம் அதோட ரத்தத்தைக் கெடுத்துடும், அத்தை."

"அப்போ பால் வை."

"நிறைய பூனைக்குப் பால் செரிக்காது."

"அப்படியே உங்கப்பன்டி நீ! அவனும் அதுவும் தினம் எதிரும் புதிருமா உட்கார்ந்து சாப்பிடுவாங்க, கட்டிக்கிட்டவங்க மாதிரி."

மகள் கோழித்துண்டுகளை வெறும் தண்ணீரில் வேகவைத்தாள். உப்பில்லை, எண்ணெயில்லை. இரண்டு தட்டில் போட்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் ஏறிய சூப்பர்வைசர், அவள் முதல் வாய் வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு துண்டு தின்றது. இன்னொன்று.

டாக்டர் அப்பாவுக்கு எழுதிக் கொடுத்ததும் அச்சு அசலாக இதே சாப்பாடுதான். ஐந்து வருடம் தினமும் பூனைக்காகத் தன் கையாலேயே சமைத்திருக்கிறார். தட்டுதான் மாறிவிட்டது.

அவளும் இன்னொரு துண்டை வாயில் போட்டாள். உப்பு ஜாடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்காமல் விழுங்கினாள். எதிரே மேற்பார்வை நடந்துகொண்டிருந்தது.