முகவரி இல்லாத பதிப்பகமும் தவமணி அக்காவும்

செய்தி தொலைபேசியில் வந்தது. வேலைக்குப் போக சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். "தம்பி, உங்கடை அக்கா போயிட்டா" என்றார் பரம் அண்ணை. "ஓம் அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டு பஸ் ஏறி வேலைக்குப் போனேன். இறுதிச் சடங்கு எப்போது என்று கேட்கவில்லை என்பது மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது. சடங்கிலும் நான் செய்தது கார் நிறுத்த இடம் காட்டியது மட்டுமே. இப்போது அவரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லண்டனில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாத இதழை வாசித்தவர்களுக்குத் தவமணி அக்காவைத் தெரியும். லண்டனின் எட்மண்டன் பகுதியில் இருந்தார். பகலில் வால்தம்ஸ்டோவில் உடுப்புத் தைக்கும் தொழிற்கூடத்தில் வேலை. மற்ற நேரத்தில் இதழின் எழுத்துப்பிழைகளைத் திருத்துவார். பரம் அண்ணை அவருடைய கணவர். ஊரில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், இங்கே பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றார்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். மிகவும் மரியாதையானவர். நாடிழந்த மக்களுக்கு மறைக்கப்பட்ட வரலாற்றைக் கொடுப்பதுதான் தங்கள் பதிப்பகத்தின் நோக்கம் என்றார். யூதர்கள் இரகசியமாகக் கூடி உலகத்தை ஆளத் திட்டமிட்டதாகச் சொல்லும் புத்தகம் ஒன்றைப் பரம் அண்ணையிடம் தந்து, தமிழாக்கித் தர முடியுமா என்று கேட்டார். லண்டனுக்கு வந்தபிறகு அண்ணையை மொழிபெயர்ப்பாளர் என்று அழைத்த முதல் ஆள் அவர்தான். அண்ணை சட்டையை ஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் எழுத உட்காருவார்.

கணவர் எழுதியதையும் அக்காதான் திருத்தினார். ஒருநாள் பேனையை மூடி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கூட்டம் நடந்ததெண்டு எழுதியிருக்கு. எந்த ஊர், எந்த மண்டபம், ஆர் ஆர் வந்தது, ஒண்டும் இல்லை. எங்கடை சங்கக் கூட்டத்துக்கே வந்தாக்களின்ரை பேர் எழுதுறமே!"

தொழிற்கூடத்தில் பக்கத்து மெஷினில் ரூத் என்ற வயதான யூதப் பெண்மணி தைத்துக்கொண்டிருந்தார். இதைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து, அக்கா புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். ரூத் அட்டையைப் பார்த்ததும் அதைத் துணிக்கடியில் தள்ளிவிட்டார். போருக்கு முன் தான் பிறந்த ஊரில் ரயில் நிலையத்தில் இது விற்கப்பட்டதாகவும், அப்போது பதிப்பகத்துக்கு வேறு பெயர் என்றும் சொன்னார். யூதர்களைக் கொன்ற அந்தப் போரில் தன் குடும்பத்தில் உயிரோடு தப்பியது தானும் ஒரு தங்கையும் மட்டும்தான் என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அக்கா கவுன்சில் நூலகத்துக்குப் போய்த் தேடினார். யாரோ முன்பு எழுதிய அரசியல் நையாண்டி ஒன்றிலிருந்து பக்கம் பக்கமாகத் திருடி, யூதர் என்ற சொல்லே இல்லாத இடத்தில் அவர்களைப் புகுத்திச் செய்த போலி அது. இந்த நகரத்துப் பத்திரிகை ஒன்றே அதை எப்போதோ அம்பலப்படுத்தியிருந்தது. அதற்குப் பிறகும் அது அச்சாகிக்கொண்டே இருந்தது.

புத்தகத்தில் இருந்த முகவரிக்கு நானும் அக்காவும் போனோம். பதிப்பகம் இல்லை. தபால் பெட்டிகளை வாடகைக்கு விடும் சின்னக் கடை. யாருடைய பெட்டி என்று சொல்ல முடியாது என்றாள் அங்கே நின்ற பெண். நாங்கள் நிற்கும்போதே தபால் வந்தது. வரலாற்றுக்கு ஒன்று, மதத்துக்கு ஒன்று, விடுதலைக்கு ஒன்று என மூன்று பதிப்பகப் பெயர்களில் வந்த கடிதங்களை அவள் நாங்கள் கேட்ட அதே பெட்டிக்குள் போட்டாள்.

வீட்டில் நடந்த பேச்சை நான் இருந்து கேட்டேன்.

"நான் மொழிபெயர்த்தனான். பொய் எழுதேல்லை" என்றார் அண்ணை.

"இது பொய்யெண்டு இப்ப தெரியுந்தானே?"

அண்ணை மேசையில் கிடந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார். பிறகு, "எங்களுக்கு நடந்ததுக்கெல்லாம் எங்கையோ இருந்து ஒரு கூட்டம்தான் காரணமெண்டு தெரிஞ்சால் நித்திரையாவது வரும், தவம்" என்றார்.

அக்கா எழும்பினார். அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

அதற்குள் வெள்ளைக்காரரிடம் முடித்துக் கொடுத்துவிட்ட பக்கங்களைத் திருப்பித் தரும்படி அண்ணை எழுதினார். பதில் இல்லை. சில மாதங்களில் புத்தகம் தமிழில் வந்தது. பதிப்பகத்தின் பெயர் புதிது. மொழிபெயர்த்தவர் என்று அண்ணையின் முழுப் பெயர் இருந்தது.

இது போலி என்று அக்கா எங்கள் இதழில் கட்டுரை எழுதினார். கணவரின் பெயரை விட்டிருந்தார். "என்ரை பேரையும் போடு, இல்லாட்டி ஆரும் நம்பாயினம்" என்று சொல்லிச் சேர்க்க வைத்தவர் அண்ணைதான். கட்டுரை வருவதற்கு முன்பே அக்கா ரூத்திடம், தமிழாக்கியது தன் கணவர்தான் என்பதைச் சொன்னார். மறுவாரம் ரூத் வேறு மெஷினுக்கு மாறிவிட்டார். தான் வேலையை விடும்வரை அக்காவின் பக்கத்துக்குத் திரும்பி வரவில்லை. "பக்கத்திலை இருங்கோ எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது?" என்றார் அக்கா.

பிறகு, புத்தகத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்க, சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைகளுக்குப் போகத் தொடங்கினார். நானும் கூடப் போவேன். பல கடைகளில் அந்தப் புத்தகம் ஊதுபத்திக்கும் காலண்டருக்கும் பக்கத்தில் இருந்தது. யாரோ காசு வாங்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கடைக்காரர்கள் சிலர் உடனே எடுத்தார்கள். சிலர் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். சட்டன் பகுதியில் ஒரு கடைக்காரர், "யூதரைப் பற்றித்தானே அக்கா, எங்களுக்கென்ன?" என்று கேட்டார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "நாட்டிலை எங்கடை வீடுகளை எரிக்க முதல் எங்களைப் பற்றி என்னவெல்லாம் அச்சடிச்சுக் குடுத்தவங்கள், தம்பி? அதை வாசிச்ச ஆக்களும் எங்களுக்கென்ன எண்டுதான் இருந்தவை."

கடைக்காரர் புத்தகங்களை எடுத்து மேசைக்கடியில் வைத்தார். நாங்கள் போனபின் திரும்ப வைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

தொண்ணூறுகளிலும் அது வேறு அட்டையில், வேறு பதிப்பகப் பெயரில் வந்துகொண்டிருந்தது. ஒரு மழைநாளில் பஸ் தரிப்பிடத்தில் நான் சலித்துப்போய்க் கேட்டேன். "இதாலை ஏதும் பிரயோசனம் இருக்கோ அக்கா?"

அவர் யோசித்தார். "தெரியாது" என்றார். "வாற கிழமை வால்தம்ஸ்டோப் பக்கம் போறன். நீர் வாறீரோ?"

ஆறுதலுக்காகக்கூட அவர் வேறு பதில் சொல்லவில்லை. அந்தத் 'தெரியாது' ஒன்றுதான் அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது.