இனிமே வரதையும்

சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது அந்தக் கண்ணாடி. மின்சாரம் அளக்கும் பழைய கால்வனாமீட்டர் பெட்டி ஒன்றின் உள்ளே மெல்லிய கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கமாகத் திரும்பும். அதில் பட்ட ஒளி எதிர்ச்சுவரில் நகரும். கல்லூரியில் பௌதிகம் படித்த எல்லோரும் அந்தப் பெட்டியைத் தொட்டிருப்போம், திட்டியும் இருப்போம். மேஜையில் யாராவது முழங்கை வைத்தாலே ஆடித் தொலைக்கும். அதைப் பரணிலிருந்து இறக்கி, முந்தானையால் தூசு தட்டி, லேசர் ஒளியின் வழியில் கொண்டுபோய் வைத்தவள் என் மன்னி. அண்ணாவைக் கல்யாணம் செய்துகொண்டு மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தாள். அங்கேயே நாத்தனாரான எனக்கும் உதவியாளர் வேலை கிடைத்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. மற்றவர்கள் எதிரில் அவளை 'மேடம்' என்று கூப்பிட ஒருநாள் முயன்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்து, அத்தோடு விட்டுவிட்டேன்.

அவளுடைய கடைசி அத்தியாயம் ஒரு கல்லை நம்பியிருந்தது. தீப்பெட்டி அளவில் வழவழவென்று தேய்த்த குருந்தக் கல், மாணிக்கத்தின் இனம். வேறொரு கல்லூரியில் இரவல் வாங்கியது. வெளிர் நிறக் கல்லின் நடுவே ஒரு சிவப்புப் பட்டை ஓடியது. அந்தப் பட்டையின் ஓரம் எப்படியிருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒன்று வளர்ந்து முடிந்த பிறகு மற்றது வளர்ந்திருந்தால் ஓரம் நேர்கோடாக இருக்கும் என்றார் அவளுடைய பேராசிரியர். இரண்டும் ஒரே காலத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வளர்ந்தவை என்பது மன்னியின் கட்சி. வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. நீலப்பச்சை லேசரைக் கல்லில் ஒரு புள்ளியில் விழவைத்தால் அந்த இடம் சிவப்பாக ஒளிரும். உள்ளே சிவப்பைத் தரும் குரோமியம் கூடுதலாக இருந்தால் ஒளியும் கூடும். அந்தச் சிவப்பை மட்டும் பிரித்து அளக்க வேண்டும். பிறகு திருகைத் திருப்பிக் கல்லை இம்மியளவு நகர்த்தி அடுத்த புள்ளியை அளக்க வேண்டும். இப்படி அறுபது வரிசை, வரிசைக்கு அறுபது புள்ளி. புள்ளிக்கு அரை நிமிஷம் என்றாலும் முப்பது மணி நேரம் ஆகும்.

வேறு ஊராக இருந்தால் முப்பது மணி நேரம் ஒரு பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த லேசர் எரியும்போது அதைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் உள்ளேயிருக்கும் கண்ணாடிக் குழல் வெடித்துவிடும். வேறு குழல் கப்பலில்தான் வரவேண்டும். அந்தக் கோடையில் சென்னையில் தண்ணீருக்குப் பட்ட பாடு என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அடையாறில் எங்கள் குழாயில் காலை ஏழிலிருந்து எட்டரை வரைதான் வரும். உலகத்திலேயே குழாயடியில் முறை காத்து நின்ற லேசர் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். தினம் ஒன்றரை மணி என்றால் இருபது நாள். மன்னியிடம் இருபது நாள் இல்லை. அண்ணாவுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்திருந்தது. அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை ரயில். அதற்குள் புள்ளிகளின் வரைபடம் முடிந்து பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் பட்டம்; இல்லையென்றால் அவள் நாலு வருஷம் உழைத்தது காகிதக் கட்டாகப் பெட்டியில் போகும். "அங்க போய் எழுதி முடிச்சுக்கோயேன்" என்றான் அண்ணா. நல்லவன்தான், ஆனால் லேசரை டைப்ரைட்டர் மாதிரி எடுத்துப்போகலாம் என்று நினைத்தான்.

கல்லை நகர்த்துவதால்தானே தாமதம், ஒளியை நகர்த்தினால் என்ன என்று மன்னிக்குத் தோன்றியது. பெட்டிக் கண்ணாடியில் லேசரை விழவைத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஒளிப்புள்ளி கல்லின்மேல் இடமிருந்து வலம் தானாக நடந்துபோகும். ஒரு வரிசைக்கு ஒரு நிமிஷம். திரும்பி வர அரை நிமிஷம்; அதற்குள் திருகால் கல்லை ஒரு வரிசை நகர்த்திவிடலாம். அவசரப்பட்டுத் திருப்பினால் கண்ணாடி ஆடும். ஆக அறுபது வரிசைக்குச் சரியாக ஒன்றரை மணி. முப்பது மணி நேர வேலை ஒரே காலையில் முடியும். கணக்கைச் சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லாத கணக்கு அது.

சிவப்பை அளக்கும் கருவி சூட்டைத் தாங்காது, சுற்றிலும் உப்பும் ஐஸும் போட வேண்டும். அந்த ஐஸை விடியற்காலையில் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அம்மாவிடம்தான் வாங்கினோம். "இன்னாம்மா, தெனிக்கும் ஐஸு மட்டும் வாங்கிகினு போறீங்கோ? வஞ்சிரம் கீது பாரு" என்றாள் அவள்.

"எங்காத்துல மீன் சாப்பிட மாட்டோம்மா. இது மெஷினுக்கு" என்றாள் மன்னி.

"ஐஸு துன்ற மிசினு மீனு துன்னாதா?"

மன்னி வாய்விட்டுச் சிரித்தாள். பஸ்ஸில் மீன் வாடைக்கு எங்கள் வாளியைச் சுற்றி நாலு சீட் காலியாக இருந்தது. ஒத்திகை பார்த்த அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். கருப்புத் திரைக்கு உள்ளே லேசர், கல், மன்னி. திரைக்கு வெளியே நான். என் எதிரில் காகிதச் சுருளில் பேனா கோடு போடும் ரெக்கார்டர், பக்கத்தில் தண்ணீரின் அழுத்தம் காட்டும் முள். உள்ளே நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. அவள் குரல் மட்டும்தான். வரிசை முடிந்ததும் "ஆச்சு" என்பாள், காகிதத்தை நிறுத்துவேன். கண்ணாடி திரும்பி வந்ததும் "ம்" என்பாள், ஓடவிடுவேன், எண்ணைக் குறிப்பேன். முப்பதாவது வரிசை முடியும்போது முள் இறங்க ஆரம்பித்தது. சிவப்புக் குறியைத் தொட்டால் லேசரை அணைத்துவிட வேண்டும். "மன்னி, தண்ணி கொறையறது" என்று கத்தினேன். பிறகு அவள் குரல் வந்தது: "இனிமே வரதையும் எடுத்துக்கோ!"

எடுத்துக்கொண்டேன். குறைந்தால் குறையட்டும், இனிமேல் வரப்போகும் வரிசைகளையும் விடாமல் எடு என்றுதான் எனக்குக் கேட்டது. 'ஆச்சு'வுக்கும் 'ம்'முக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் போனதைக் கவனித்தேன். அவசரத்தில் கண்ணாடியை வேகமாகத் திருப்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். முள் சிவப்புக் குறிக்கு மயிரிழை மேலே நடுங்கிக்கொண்டிருக்க, அறுபதாவது வரிசையும் முடிந்தது. லேசரை அணைத்துவிட்டு வெளியே வந்தவள், புடவையெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, என் தோளில் சாய்ந்து அழுதாள்.

வரைபடம் தீட்டுவது என் வேலை. இரண்டு நாள் உட்கார்ந்து, சுருளிலிருந்து எண்களைப் படித்து, கட்டம் போட்ட தாளில் வண்ணப் பென்சிலால் நிரப்பினேன். மேல் பாதியில் பட்டையின் ஓரம் நேராக, லேசாக ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. நடுவுக்குக் கீழே இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்னப் பற்கள் முளைத்தன. கீழே போகப்போக அவை நீண்டன. சிவப்பு வெளுப்புக்குள்ளும் வெளுப்பு சிவப்புக்குள்ளும் புகுந்து கைகோத்தாற்போல் இருந்தது. மன்னி தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். புதன்கிழமை பேராசிரியர் பார்த்தார். நாலு வருஷத்தில் முதல்முறையாக, "நீ சொன்னதுதான் சரி போலிருக்கிறது, அம்மா" என்றார். சனிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் பேசு, அன்றே கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அம்மாவிடம் மன்னி கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் அப்பளம் உலர்த்திய துணியை மடித்துக்கொண்டிருந்தேன். "தண்ணி நின்னுடப் போறதேன்னு உயிரே போயிடுத்தும்மா. அப்புறம்தான் தோணித்து, வெளிச்சம் திரும்பி வரச்சே சும்மாத்தானே வரது, அதையும் எடுத்துண்டா என்னன்னு. போறச்சே ஒரு வரிசை, வரச்சே ஒரு வரிசை. இவகிட்டே கத்தினேன், டக்குனு புரிஞ்சுண்டுட்டா."

நான் புரிந்துகொள்ளவில்லை. இனிமேல், திரும்பி வருவதையும் எடு என்று அவள் சொன்னாள். இனிமேல் வருவதையும் எடு என்று நான் கேட்டேன். வார்த்தை அதேதான், நிறுத்தம்தான் வேறு. முப்பத்தோராவது வரிசையிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்று வலமிருந்து இடமாக வந்தவை. எல்லாவற்றையும் நான் இடமிருந்து வலமாகவே நிரப்பியிருந்தேன். அந்தப் பற்கள் கல்லில் இல்லை, என் பென்சிலில்தான் இருந்தன. துணியை மடித்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் நின்றேன். உள்ளே போய் உடனே சொல்லியிருக்கலாம். அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை குழாயில் என்றுமில்லாத அழுத்தம். முள் உச்சியில் நின்றது. மன்னி குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு, "இன்னிக்கு எப்படிக் கொட்டறது பாரேன்! கல்லு நாளைக்குத்தானே திரும்பிப் போறது. கீழ்ப் பாதியை இன்னொரு தடவை நிதானமா எடுத்துப் பாத்துடலாமாடி?" என்று கேட்டாள்.

மறுபடி எடுத்தால் பற்கள் வராது. ஏன் வரவில்லை என்று அவள் சுருளைப் பிரிப்பாள். ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவாள். இதெல்லாம் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது. "எதுக்கு மன்னி? அதான் நன்னா வந்திருக்கே. ஏதாவது எசகுபிசகா ஆயிடப்போறது" என்றேன். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "நீ சொல்றதும் சரிதான்" என்று குழாயை மூடினாள். வெள்ளிக்கிழமை கல்லைப் பஞ்சில் சுற்றி நானே கொண்டுபோய்க் கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளைப் பார்க்க முடியவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, சுருட்டிய வரைபடத்தைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டிருந்தாள். அவள் பேசப்போகும் ஹாலில் யாராவது ஒருவர் முப்பத்தோராவது வரிசையைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவள் கதி என்ன என்று நினைத்ததும் சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. நாங்கள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போனது.

"எப்போடி தெரிஞ்சது உனக்கு?"

"இப்பத்தான் மன்னி. கார்த்தால எழுந்ததும் தோணித்து."

அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "வா, ரெண்டு மணி நேரம் இருக்கு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். ஆராய்ச்சிக்கூடத்தில் புதுத் தாளை விரித்தோம். திரும்பி வந்த வரிசைகளின் எண்களை அவள் வலமிருந்து இடமாகப் படிக்கப் படிக்க, நான் நிரப்பினேன். வரிசை வரிசையாகப் பற்கள் உதிர்ந்தன. கடைசியில் மிஞ்சியது சாய்ந்து ஓடும் ஒரு நேர்கோடு. பேராசிரியர் முதலில் சொன்ன அதே கோடு. ஹாலில் அவள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, "முதல் படம் தப்பு. திரும்பி வந்த வரிசைகளை நான் மாற்றிப் போடாமல் விட்டுவிட்டேன்" என்றாள். நான் என்றுதான் சொன்னாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. "கோடு நேரென்றாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் தண்ணீர் குறைந்த நேரத்தில் எடுத்தது, ஒருமுறை தப்பாக வரைந்தது. கீழ்ப் பாதியை மறுபடி எடுத்துக் காட்டு, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். கல் போய்விட்டது. அன்று காலையே குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அடுத்த வாரம் அதுவும் நின்றது. திங்கட்கிழமை அவர்கள் ரயிலேறினார்கள்.

நாக்பூரில் அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகி, அங்கேயே ஓய்வு பெற்றாள். நான் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து, அவள் ஆசைப்பட்ட வேலையை ஒரு இயந்திரம் காப்பி ஆறுவதற்குள் செய்து முடிப்பதைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். இப்போது அண்ணாவும் மன்னியும் ஆதம்பாக்கத்தில் இருக்கிறார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் அந்தக் கதையைச் சொல்வாள். "ஒரு வார்த்தையாலே என் பட்டம் போச்சு. ஆனா இவளை மாதிரி உண்டா? தப்புன்னு தெரிஞ்ச அன்னிக்கே, அந்த நிமிஷமே வந்து சொல்லிட்டா" என்று என் முதுகைத் தட்டுவாள். நானும் சிரித்து வைப்பேன். நாற்பது வருஷத்துக்கு மேல் சிரித்து வைத்தாயிற்று.

அவளுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. நான் எழுதுவது எதுவானாலும் நேரில் போய்ப் படித்துக் காட்டுவது வழக்கம். இதையும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன். வியாழக்கிழமை வரும் இடத்தில் குரலைத் தாழ்த்தாமல், ஒரு வரியும் விடாமல் படிக்க வேண்டும்.