மெத்தைக்காரம்மாவின் சுவர்

என் மாமியாருக்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போய்ச் சேர்ந்த பிறகு இவள் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறாள் என்று யாரும் நினைக்கக் கூடாது பாருங்கள். நான் ஜன்னலைத் திறந்தால் அத்தை சாத்துவார். நான் சாத்தினால் புழுங்குகிறது என்பார்.

தெருவில் அவருக்கு மெத்தைக்காரம்மா என்று பேர். பஞ்சை அடித்து, உறையில் திணித்து, முழ நீள ஊசியால் குத்தித் தைப்பது தொழில். தலையில் எந்நேரமும் பஞ்சு ஒட்டியிருக்கும். அதில் நரை எது, பஞ்சு எது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வீடு தெரு வளைகிற மூலையில் இருந்தது. கீழே கடை, மேலே படுக்கிற அறை. மாமனார் கொத்தனார். ஊராருக்கெல்லாம் ஒற்றைச் செங்கல் சுவர் எழுப்பிய மனுஷன், தன் வீட்டுக்கு மட்டும் கோட்டை மாதிரி கல் சுவர் கட்டினார். கட்டி முடித்த அடுத்த வருஷமே கண்ணை மூடிவிட்டார். கைக்குழந்தையோடு அத்தை மட்டும் அந்தச் சுவருக்குள் இருந்தார்.

அந்தத் தெருவில் முதலில் ஓடியது குதிரை டிராம். இரண்டு குதிரைகள் தண்டவாளத்தின் மேல் ஒரு பெட்டியை இழுக்கும். எங்கள் மூலை திரும்பும்போது நுரை தள்ளி நிற்கும். தெருவெல்லாம் சாணம். பிறகு கம்பெனிக்காரர்கள் குதிரைகளை விற்றுவிட்டு மின்சார டிராம் விடத் தீர்மானித்தார்கள். தெருவோ குறுகல், கம்பம் நட இடம் கிடையாது. அதனால் இருபக்கத்து வீட்டுச் சுவர்களிலும் கொக்கி பதித்து, குறுக்கே கம்பி இழுத்து, அதில் கரண்ட் கம்பியைத் தொங்கவிட்டார்கள். நேரான தெருவில் ஒரு கொக்கி போனால் பக்கத்துக் கொக்கி தாங்கிக்கொள்ளும். வளைவில் அந்தப் பேச்சே இல்லை. மொத்த இழுப்பும் எங்கள் சுவரின் மேல்தான். அந்தக் கொக்கி போனால் கம்பி தொய்ந்துவிடும். டிராமின் கூரைக் கோல் கம்பியை விட்டு நழுவி, வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும்.

கம்பெனி ஏஜெண்ட் கடைக்கு வந்து, நின்றபடியே பேசினாராம்.

“உங்க சுவர்தாம்மா தாங்கும். மாசாமாசம் வாடகை தந்துடறோம்.”

“வாடகை யாருக்கு வேணும்? என் பையனுக்கு உங்க கம்பெனியில வேலை குடுங்க.”

“குடுத்துட்டாப் போச்சு.”

“நாளைக்கே எனக்கு இந்தக் கொக்கி வேணாம்னு தோணினா?”

“ஒரு வார்த்தை சொல்லுங்க, அன்னிக்கே கழட்டிடறோம்” என்று சிரித்தார் ஏஜெண்ட். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

சுவரைத் துளைத்து, கொக்கியின் தண்டை உள்ளே விட்டு, அறைப்பக்கம் ஒரு இரும்புத் தகடு வைத்து, கைப்பிடி அளவு நட்டு போட்டு முறுக்கினார்கள். நட்டு அத்தையின் கட்டில் தலைமாட்டுக்கு மேலே இருந்தது. அவர் அதில் தன் பையை மாட்டிக்கொண்டார். டிராம் நெருங்கும்போது சுவர் முனகும், பை ஆடும். வளைவில் மணி இரண்டு தரம் அடித்தால் ஓட்டுவது அவர் பிள்ளை. ஊசியை நிறுத்திவிட்டு அத்தை ஒரு கணம் தலையைத் தூக்குவார்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது என் வீட்டுக்காரர் டிரைவர் ஆகியிருந்தார். பொய் சொல்வானேன், அவரது பித்தளைப் பொத்தான்களைப் பார்த்துத்தான் நான் பாதி சம்மதித்தேன். கூட வேலை செய்கிறவர்கள் அவரை ‘கொக்கி’ என்று கூப்பிட்டார்கள். மற்றவர்கள் வருஷக்கணக்கில் குதிரைக்குப் புல் போட்டு, பிறகு கண்டக்டராகி, அப்புறம்தான் டிரைவர் ஆனவர்கள். இவர் அம்மாவின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறியவர். கூப்பிடும்போதெல்லாம் இவர் சிரித்துக்கொள்வார். அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி.

டிரைவர்கள் வேலை முடியும்வரை நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். முன்பக்கம் கண்ணாடி கிடையாது. மழை, குளிர், புழுதி எல்லாம் நேரே முகத்தில். எங்கள் எதிர்வீட்டு டிரைவர் ஒரு மழைநாளில் நின்றபடியே மயங்கிக் கீழே விழுந்தார். கால் சக்கரத்தில் போய்விட்டது. கம்பெனி அவரைக் கவனக்குறைவு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியது. அத்தோடு வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. முன்னால் கண்ணாடி வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும், விழுந்தவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று எல்லா டிரைவர்களும் வெளியே வந்தார்கள்.

என் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் மட்டும் போகவில்லை. அந்தச் சிலரை வைத்தே கம்பெனி வண்டி ஓட்டியது.

தெரு எங்களோடு பேசுவதை நிறுத்தியது. கடைக்கு ஆள் வரவில்லை. எதிர்வீட்டு டிரைவரின் மனைவி என்னைக் கண்டால் கதவைச் சாத்தினாள். அவளோடுதான் நான் தினமும் குழாயடியில் ஊர்வம்பு அளப்பது. தொழிற்சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து, “அம்மா, கொக்கியை எடுக்கச் சொல்லுங்க. பெரிய லைன் பூரா நின்னுடும்” என்று கேட்டார்கள்.

“என் பிள்ளை வேலையை நானே கெடுக்கவா? போய்ட்டு வாங்க” என்று அத்தை அனுப்பிவிட்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவரும் நானும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். எனக்கு அப்போது நிறைமாதம்.

ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் யூனிஃபார்ம் முழுக்கச் சேற்றோடு வந்தார். யாரோ அள்ளி வீசியிருக்கிறார்கள். அத்தை சட்டையை வாங்கி வாளியில் ஊறவைத்தார். பிறகு திரும்பிக் கேட்டார்.

“அந்தப் பொத்தான் மேல உனக்கு அவ்ளோ ஆசையாடா?”

“எனக்கு என்னம்மா ஆசை? எனக்கு வேலை கத்துக்குடுத்தவரே அவர்தான். கால் போய் எதிர்வீட்டுல கெடக்கறாரு. அவர் வாசலைத் தாண்டித்தான் தினமும் வண்டி ஓட்டறேன்.”

“அப்புறம் எதுக்குப் போறே?”

“கொக்கிக்குப் பதிலா எனக்கு வேலைன்னு நீ வாக்குக் குடுத்திருக்கியே. கொக்கி இங்க இருக்கற வரைக்கும் நான் அங்க இருந்தாகணும். உன் பேச்சு கெட்டுப்போகக் கூடாதுன்னுதான்.”

அத்தை வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மகனுக்கு உத்தியோகம் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று இத்தனை வருஷமும் தலை நிமிர்ந்து நடந்தவர் அவர். அன்றுதான் முதல்முறையாக அவர் முகத்தில் ரத்தம் சுண்டியதைப் பார்த்தேன். எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் பிள்ளை வேலைக்குப் போனதும், அத்தை ஆளனுப்பி ஏஜெண்டை வரவழைத்தார்.

“கொக்கி வேணாம். கழட்டுங்க.”

“என்னம்மா திடீர்னு? இந்த நேரத்துலயா?”

“அன்னிக்கே கழட்டிடுவேன்னு சொன்னது நீங்கதானே? இந்தக் கடையில நின்னுதான் சொன்னீங்க.”

“உங்க பையனை நினைச்சுப் பாருங்கம்மா.”

“அவனை நினைச்சுத்தான் சொல்றேன். போய்க் கரண்டை நிறுத்துங்க. மத்தியானம் ஆச்சுன்னா நானே நட்டைக் கழட்டிடுவேன். கம்பி யார் தலையில விழுந்தாலும் அது உங்க தலையெழுத்து.”

ஏஜெண்ட் என்னைப் பார்த்தார். நானும் சும்மா இருக்கவில்லை. “அத்தை, பிறக்கப் போற குழந்தைக்கு என்னத்தைக் குடுக்கறது? வாக்கு, மானம்னு ஊட்டவா?” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். கேட்டது தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. யாராவது ஒருத்தர் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

“நீ சொல்றது சரிதாண்டி” என்றார் அத்தை. வாழ்நாளில் ஒரே தடவை அப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

மத்தியானம் சேதி தெரிந்து சங்கத்து ஆட்கள் தெருவின் இரண்டு பக்கமும் நின்று ஜனங்களை ஒதுக்கினார்கள். கரண்டை நிறுத்திவிட்டதாகக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொன்னான். கம்பெனியில் வேலையிழந்திருந்த லைன்மேன் ஒருவர் கீழே நின்று பெரிய ஸ்பேனர் ஒன்றைக் கொடுத்தார். அத்தை பையை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, ஸ்பேனரை நட்டில் மாட்டி இழுத்தார். துரு பிடித்திருந்தது. அசையவில்லை. மெத்தை தைத்து முறுக்கேறிய கை அது, அப்படியும் அசையவில்லை.

“வந்து பிடிடி” என்றார்.

“நான் மாட்டேன். வயித்துல பிள்ளையை வெச்சுக்கிட்டு இந்தக் கூத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே போய்ப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினோம். நட்டு கிறீச்சென்றது. பிறகு சுலபமாகச் சுற்றியது. கடைசிச் சுற்றில் கம்பியின் இழுப்பே கொக்கியைப் பிடுங்கிக்கொண்டு போனது. தகடு தரையில் விழுந்தது. சுவரில் இருந்த துவாரம் வழியாக வெளிச்சம் உள்ளே வந்து அத்தையின் தலையணை மேல் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர் தண்டவாளத்தோடே நடந்து வந்தார். வண்டி எங்கேயோ நடுவழியில் நின்றுவிட்டது. டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கினால் ஓட்டுகிற கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்தப் பித்தளைக் கைப்பிடி அவர் கையில் இருந்தது. மாடிக்கு வந்து சுவரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“ஏம்மா?”

“உன் வேலை என் சுவத்துல தொங்க வேணாம்டா” என்றார் அத்தை.

என் வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் அவர் அழுது பார்த்தது அன்று ஒருநாள்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் ஏஜெண்டிடம் கைப்பிடியைக் கொடுத்தார். அப்படியே எதிர்வீட்டுக்குப் போனார். கால் போன அந்த மனுஷன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

கம்பெனி கொஞ்ச நாளில் இறங்கிவந்தது. கண்ணாடி வைத்தார்கள், நேரத்தைக் குறைத்தார்கள், கால் போனவருக்கு ஷெட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். எல்லோரையும் திரும்ப எடுத்தார்கள், என் வீட்டுக்காரரைத் தவிர. “உன் வேலை கொக்கிக்காகக் குடுத்தது. கொக்கி போச்சு, வேலையும் போச்சு” என்றார் ஏஜெண்ட். சங்கத்துக்காரர்கள் ஒருநாள் வாதாடினார்கள். மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருந்தது, தெரியும். ஆனாலும் எனக்கு அது ஆறவே இல்லை.

வளைவில் கம்பெனி இரண்டு வீடு தள்ளி ஒரு முற்றத்தை விலைக்கு வாங்கிக் கம்பம் நட்டது. டிராம் மறுபடி ஓடியது. சுவர் முனகவில்லை. என் வீட்டுக்காரர் அம்மாவோடு உட்கார்ந்து மெத்தை தைக்கக் கற்றுக்கொண்டார். முதல் வருஷம் அவர் தைத்த மெத்தைகள் கல்லும் முள்ளுமாக இருந்தன. அதில் படுத்து எழுந்தவர்கள் எங்களைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் தெருவில் அவரை யாரும் அதற்குப் பிறகு ‘கொக்கி’ என்று கூப்பிடவில்லை. டிராம் கடக்கும்போது டிரைவர்கள் எங்கள் கடை முன்னால் மணியை இரண்டு தரம் அடித்தார்கள்.

சுவரில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. மழைக்காலத்தில் கட்டிலில் தண்ணீர் சொட்டும். குளிர்காலத்தில் காற்று குத்தும். “கொத்தனார் பொண்டாட்டி வீட்டுல சுவத்துல ஓட்டை, கேட்டாச் சிரிப்பாங்க. அடைச்சுத் தொலைங்க அத்தை” என்று நான் வருஷாவருஷம் சண்டை போடுவேன்.

ஒரு தடவைதான் அவர் பதில் சொன்னார். “இருந்துட்டுப் போகட்டும்டி. என் பிள்ளை அது வழியாத்தான் வெளிய வந்தான்.”

அத்தை போன பிறகு, வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சாக்கில் என் வீட்டுக்காரர் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். அவன் மாடியில் கலவையைக் குழைத்துக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டான். ஓட்டைக்கு முன்னால் போய் நின்று, அதைத் தொடக் கூடாது என்று சண்டை போட்டு அவனைத் திருப்பி அனுப்பியது நான்தான்.