கை தூக்காத கூட்டம்

பிலேந்திரன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். நோர்வேயின் வடக்கு முனையில் மீன் தொழிற்சாலையிலே விறைத்த கையோடு கத்தி பிடித்தார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, ஆட்களை வைத்துத் துப்புரவுத் தொழில் நடத்தி, நகரத்தின் ஹொல்ம்லியாப் பகுதியில் சொந்த வீடும் வாங்கினார். இதைச் சொல்லிக்காட்ட என்ன வெட்கம்? படித்தவன் தன் பட்டத்தைச் சுவரிலே மாட்டுகிறான்தானே!

ஆனால் வீட்டைவிட அவருக்குப் பெருமை, வட்டாரசபைக் கூட்டத்தின் முதல் அரைமணித்தியாலம். அந்த நேரத்தில் குடியிருக்கிற எவரும் எழும்பிக் கதைக்கலாம். அவர் மாதாமாதம் போய்க் கதைத்துத்தான் ரயில் நிலையப் பாதைக்கு விளக்கு வந்தது.

2003இல் நகரத்தின் ஆட்சி விதிகளைத் திருத்த வெளிக்கிட்டார்கள். புது வரைவில் அந்த அரைமணித்தியாலம் இல்லை. வரைவுக் குழுவில் இருந்த ஒரே தமிழர் பத்மநாதன். பொறியியலாளர், நகரசபைத் தேர்தலுக்கும் நிற்கிறவர்.

“எழுத்திலை அனுப்பலாம்தானே அண்ணை,” என்றார் அவர்.

“எழுதத் தெரிஞ்சவனுக்கு நீ விதி செய்யிறாய். எனக்கு இருக்கிறது வாய். அதையும் பொத்துறியோ?”

வரைவைப் பற்றிக் குடியிருப்பாளரின் முடிவை அறியக் கூட்டம் வைத்தார்கள். பிலேந்திரன் வீடு வீடாக ஏறி, மண்டபம் நிறையத் தமிழ்ச்சனத்தைக் கொண்டுவந்தார். வாசலிலேயே கட்டளை போட்டார்.

“வாக்கெடுக்கேக்கை ஒருத்தரும் கையைத் தூக்கக்கூடாது. கட்டிக்கொண்டு இருங்கோ. அவங்கடை மூஞ்சையைப் பாப்பம்!”

எங்கள் சங்கங்களில் ஆதரிக்கிறவன்தான் கை தூக்குவான். ஒருவரும் தூக்காவிட்டால் தீர்மானம் அதோடு செத்தது. பக்கத்தில் கோட்டைக் கழற்றிக்கொண்டு நின்ற பத்மநாதனுக்கு எல்லாம் கேட்டது. கோட்டை மாட்டிவிட்டு உள்ளே போனார்.

வட்டாரசபைத் தலைவி வரைவை வாசித்துவிட்டு வேகமான நோர்வே மொழியில் ஏதோ கேட்டார். மண்டபத்தில் ஒரு கையும் எழவில்லை. தலைவி மேசையில் சுத்தியலால் தட்டினார். பிலேந்திரன் வாய்விட்டுச் சிரித்தார்.

மனைவி மரியரஞ்சனி அவர் தொடையைக் கிள்ளினார். “என்ன இளிப்பு? எதிர்க்கிறவையைத்தான் கை தூக்கச் சொன்னவ. ஒருத்தரும் தூக்கேல்லை, ஏகமனதா நிறைவேறிட்டுது!”

“விளங்கினதெண்டால் நீ தூக்கியிருக்கலாமே?”

“தூக்கியிருந்தால் என்னை வீட்டுக்குள்ளை விட்டிருப்பியளோ?”

வெளியே பத்மநாதனைப் பிலேந்திரன் மறித்தார். “நான் சொன்னது உனக்குக் கேட்டது. ஏன்ரா வாய் திறக்கேல்லை?”

“கூட்டத்துக்கு வாறவை முறையை அறிஞ்சு வரவேணும் அண்ணை. இஞ்சை பேசாமல் இருந்தால் சம்மதம்.”

செப்டம்பரில் தேர்தல். பத்மநாதன் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, உங்கடை ஆக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ.”

“சொல்லிப்போட்டன்.”

“என்னெண்டு?”

“தேர்தலண்டைக்குப் பேசாமல் வீட்டிலை இருக்கச் சொல்லி. சம்மதமெண்டு எடுத்துக்கொள்ளு, தம்பி.”

படாரென்று வைத்தார். பத்மநாதன் தோற்றார். அரைமணித்தியாலம் திரும்பி வரவில்லை. பிலேந்திரன் மட்டும் இன்னும் மாதாமாதம் போகிறார். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, தலைவியை முறைத்தபடி, கூட்டம் முடியும்வரை இருந்துவிட்டு வருகிறார்.