கொட்டாத தேனீ

அப்பாவின் கடை ஒரே கூரையின் கீழ் இரண்டு வேலை பார்த்தது. தெருவைப் பார்த்த வாசலில் விதையும், பூச்சியைக் கொல்ல மருந்தும் விற்றார். பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு போய்த் தேனீ வளர்த்தார். அந்தக் கதவைத் தாண்டும்போது செருப்பை மாற்றுவார், கூடவே கருத்தையும் மாற்றுவார். மகளுக்குத் தெரிந்து வேறு எதையும் மாற்றியதில்லை.

முன்பக்கம் வந்தவரிடம், "ஒரு தடவை அடிங்க, தோட்டத்துல ஈ எறும்பு இருக்காது" என்று அடித்துச் சொல்வார். அதே வேகத்தில் பின்பக்கம் போய்ப் பெட்டியின் முன் குந்தி, "சாப்டீங்களாடா கண்ணுங்களா?" என்பார்.

"பெத்த பொண்ணு ஊருக்கு வந்தப்பகூட இந்தக் கேள்வியக் கேட்டதில்ல மனுஷன்" என்பாள் அம்மா.

ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பின்பக்கம்தான். அவருடைய தேனீ கொட்டாது. முகவலை இல்லை, கையுறை இல்லை. பனியனோடு போய், புகைப்பானைப் பெட்டியின் வாயில் வைத்து ஊதுவார். புகைப்பான் என்பது துருத்தி வைத்த தகரக் குவளை. உள்ளே எதையாவது புகையவிட்டு ஊதினால் தேனீக்கள் கோபத்தை மறந்து தேன் குடிக்கப் போய்விடும். மற்றவர்கள் பெட்டியில் அது கொஞ்ச நேரச் சமாதானம். அப்பாவின் பெட்டியில் அது நிரந்தர ஒப்பந்தம். மத்தியானத் தூக்கம் கலையாத அலுவலர்களைப் போல தேனீக்கள் அவர் உள்ளங்கையில் மெல்ல நடக்கும்.

தேனீ வளர்ப்போர் சங்கச் செயலாளர் வெளியூர் விருந்தாளிகளை அழைத்துவந்து காட்டுவார். "அண்ணனோட தேனீங்களுக்குப் படிப்புதான் இல்ல. பண்பு இருக்கு."

பண்பான தேனீக்கள் பண்பாகவே செத்தன. வெளியே போனவை வழி தெரியாமல் திரும்பவில்லை. மிச்சமிருந்தவை பெட்டி வாசலில் நடுங்கிக்கொண்டு ஊர்ந்தன. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அப்பா ஒரு தேனீயை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். முதுகில் செந்நிறப் பொட்டு மாதிரி ஓர் உண்ணி. "கண்டுபிடிச்சுட்டேன்" என்றார்.

பொய்யில்லை. உண்ணி இருந்தது, அது தேனீயை உறிஞ்சத்தான் செய்தது. ஆனால் அதைவிட வசதியான குற்றவாளி கிடைப்பது கஷ்டம். உண்ணியை யாரும் விற்பதில்லை, யாரும் வாங்குவதில்லை. உண்ணிக்கு வக்கீல் கிடையாது. மருந்து அடித்த தோட்டக்காரர்கள் உண்ணியைத் திட்டினார்கள். மருந்து விற்ற அப்பா உண்ணியைத் திட்டினார். சங்கம் உண்ணிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. உண்ணி அதைப் பொருட்படுத்தவில்லை.

அதன்பின் அப்பா உண்ணி பார்ப்பதற்காகத் தினமும் பெட்டியைத் திறந்தார். திறக்கும்போதெல்லாம் ஊதினார். ஊத ஊத உண்ணி கூடியது. உண்ணி கூடக்கூட இன்னும் அடிக்கடி திறந்தார்.

மகள் வேறொரு நகரத்தில், உணவில் மருந்து எச்சம் அளக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். ஒருமுறை வற்புறுத்தி அவர் தேனை வாங்கிப்போய்ச் சோதித்தாள். எச்சம் எதுவுமில்லை.

"அப்பா, நான் தேனை மட்டும்தான் பார்த்தேன். செத்த தேனீயைக் கொஞ்சம் அனுப்புங்க."

"தேனே சுத்தமா இருக்கும்போது தேனீ எப்படிம்மா அழுக்காகும்?" என்றார். அறிக்கைக்குச் சட்டம் போட்டுக் கடையின் முன்பக்கத்தில், மருந்து டப்பாக்களுக்கு மேலே மாட்டினார்.

போன மாதம், கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார். இதயம். தூங்குகிறார் என்று நினைத்து ஒரு வாடிக்கையாளர் சத்தம் போடாமல் காத்திருந்தாராம். அப்பா அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை என்பதால்தான் சந்தேகமே வந்தது.

இரங்கல் கூட்டத்தில் செயலாளர் கண் கலங்கப் பேசினார். அண்ணன் விட்டுப்போனது ஒரே ஒரு பெட்டி. அதன் ராணியிலிருந்து புதிய ராணிகளை வளர்த்து உறுப்பினர் எல்லாருக்கும் கொடுப்போம். அந்தச் சாதுவான இனத்துக்கு அண்ணன் பெயரையே வைப்போம். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறப்போம், அண்ணன் ஊதுகிற மாதிரியே ஊதி. எல்லாரும் கைதட்டினார்கள். மகளும் தட்டினாள். அப்பாவின் பெயர் எங்காவது நடமாடிக்கொண்டிருக்கும் என்பது அவளுக்கு வேண்டியிருந்தது.

சனிக்கிழமை புகைப்பானைத் தயார் செய்யப் பின்பக்கம் போனாள். அப்பா போன நாளிலிருந்து பெட்டியை யாரும் திறக்கவில்லை. வாசலில் ஊர்கிற தேனீ ஒன்றுகூட இல்லை. போவதும் வருவதுமாக ஒரே சுறுசுறுப்பு. அவள் நெற்றியில் ஒன்று வந்து முட்டி, தள்ளிப் போ என்றது.

புகைப்பானுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா. உள்ளே சாக்குத் துண்டுகள், அளவெடுத்துக் கத்தரித்தவை. அப்பாவுக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். ஒன்றை எடுத்தாள். விரலில் இளஞ்சிவப்புத் தூள் ஒட்டியது.

அந்த நிறத்தைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. மருந்து பூசிய விதையை யாரும் தவறித் தின்றுவிடக் கூடாதென்று போடும் சாயம் அது. விதை வந்த சாக்கு. பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து. குறைந்த அளவில் போனால் தேனீயைக் கொல்லாது, மந்தமாக்கும். மந்தமான தேனீ கொட்டாது. வீட்டு வழியை மறக்கும். முதுகில் ஏறிய உண்ணியைத் தட்டியும் விடாது.

சாக்கை எரிக்கக் கூடாது என்று அப்பா ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஒப்பிப்பார். "புகை ஆகாதுங்க, பிள்ளை குட்டி இருக்கற வீடு" என்பார். அவர் இருந்தால் சொல்லும் பதில் அவளுக்குக் கேட்கவே செய்தது: நான் எங்கம்மா எரிச்சேன்? புகையத்தானே விட்டேன்.

டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்ல சாக்கைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது" என்றாள். பிறகு, "இத ஊர்ல சொல்லப் போறியா? போய்ச் சேர்ந்தவர் பேரைக் கெடுக்கணுமா?"

"சொல்லலேன்னா நாளைக்கு இந்தச் சாக்கைத்தான் ஊதுவாங்கம்மா. அப்பான்னு மிச்சம் இருக்கறது இந்த ஒரு பெட்டிதான்."

அம்மா எழுந்து உள்ளே போய், அவருடைய பழைய பனியன் ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். "இதுல மருந்து இல்ல. வேர்வை நாத்தம் மட்டும்தான். நான் துவைச்சும் போகல."

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் உறுப்பினர்களோடும் ஒரு புகைப்படக்காரரோடும் வந்தார். மகள் சாக்கைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கனிவோடு தலையாட்டினார், குழந்தை பாட்டுப் பாடினால் கேட்பதுபோல.

"துக்கத்துல இப்படியெல்லாம் தோணும் பாப்பா. அண்ணனைக் கொன்னதும் உண்ணிதான், மனசளவுல."

"மாமா, இந்தத் தேனீங்க இப்ப பழைய மாதிரி இல்ல. முகவலை போட்டுக்கங்க."

"அண்ணன் தேனீக்கு முகவலையா? அது அவருக்குச் செய்யற அவமரியாதை. என்னை அதுங்களுக்கு நல்லாத் தெரியும்." சட்டைக் கையை மடித்துவிட்டு, புகைப்படக்காரருக்கு வாகாக நின்றார்.

அவள் பனியனைக் கொளுத்திப் புகைப்பானில் போட்டாள். வெறும் பருத்திப் புகை. அளவாக ஊதினாள். செயலாளர் அவசரமாக மூடியைத் தூக்கி, "பாருங்க, எவ்வளவு சாது..." என்று சொல்லும்போதே வாக்கியம் அறுந்தது. முதல் தேனீ அவர் மூக்கில், அடுத்தது காதில். அதற்குப் பிறகு வந்தவை வரிசை பார்க்கவில்லை. பெயர் சூட்டு விழா தெருவுக்கு ஓடியது. புகைப்படக்காரர் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். "இது அண்ணன் தேனீயே இல்ல! யாரோ மாத்திட்டாங்க!" என்ற செயலாளரின் குரல் தெருமுனை வரை கேட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு.

மகள் முகவலையோடு நின்று பெட்டியின் அடிப்பலகையை மெல்ல உருவினாள். உதிர்ந்து கிடந்த உண்ணிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். சிலவற்றுக்குக் கால் ஒடிந்திருந்தது. கடித்து எறிந்திருக்கிறார்கள். உண்ணி இன்னும் இருக்கிறது, அதற்கும் வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இவர்கள் சண்டைக்குத் தயார். பலகையை வைக்கையில் ஒன்று அவள் மணிக்கட்டில் முழு மனதோடு கொட்டியது.

மூடியைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். கை வீங்கிக்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை.

"அவ்வளவு வலிக்குதா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

அம்மா கையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்தாள். அதை விரல் நுனியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுஷனையும் ஒரு தடவையாவது கொட்டியிருக்கலாம் இதுங்க."