காலெடு மாஸ்ரரின் மின்சாரக் கார்

கிறிஸ்துநாயகத்திடம் கார் ஓடப் பழகியவர்களை ஒரே வரிசையில் நிறுத்தினால், கனடாவின் மல்வேர்னில் தொடங்கும் வரிசையின் வால் மன்னாரில் போய் முடியும். நடுவில் கடல் கிடக்கிறதே என்று கேட்பவர்கள் கதை கேட்க லாயக்கில்லாதவர்கள். அத்தனை பேருக்கும் பனிக்காலத்துக்கென்று அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: "சறுக்கினால் பிரேக்கை மிதியாதேங்கோ. காலை எடுங்கோ." அதனால் அவருக்குக் 'காலெடு மாஸ்ரர்' என்று பெயர் விழுந்தது.

அதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. கனடாவுக்கு வந்த முதல் பனியில், பயத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வழுக்கிப்போய், யாரோ வீட்டு முற்றத்து நத்தார்க் குடிலுக்குள் காரோடு புகுந்தார். மாதாவுக்கும் சூசையப்பருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மாடு மட்டும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து பக்கத்து இருக்கையில் அமர்ந்து, வீடு வரும்வரை இறங்க மறுத்துவிட்டது. அன்றிலிருந்து சறுக்கினால் பிரேக்கைத் தொடாமல், அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தார். கார் தானாக வேகம் விட்டது, சில்லுகள் பிடிமானம் கண்டன, நேராகப் போனது. ஒரு மனிதனுக்கு ஆயுளில் ஒரு உண்மை அகப்பட்டால் போதாதா?

அவர் மனைவி கிளடிஸ் வேறெவர் ஓடும் வாகனத்திலும் ஏறமாட்டாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, இரத்தம் சுத்திகரிக்கக் கிழமையில் மூன்று நாள் அவளை ஸ்காபரோவுக்குக் கூட்டிப்போவதும் அவரேதான். பழக வருகிறவர்களையெல்லாம் விட்டுவிட்டு மகன் றொய்சனோடு ஸ்ரௌவ்வில்லில் குடியேறிய மனிதருக்கு மிச்சமிருந்த உத்தியோகம் அது ஒன்றுதான். மற்ற நான்கு நாட்களும் அவருக்கு வெறும் இடைவெளி.

பழைய கார் ஒருநாள் இருமிச் செத்தது. றொய்சன் தன் மின்சாரக் காரைக் கொடுத்தான்.

"அப்பா, இதில காலை எடுத்தாலே மோட்டர் பின்னால இழுத்து பிரேக் பிடிக்கும். ஐஸில அது டேஞ்சர். பனி நாளில அந்த செற்றிங்கைக் குறைச்சுப்போட்டு ஓடுங்கோ, ப்ளீஸ்."

"டேய், உனக்குக் கார் பழக்கினது ஆர்?"

"நீங்கள்தான். அது பெற்றோல் கார்."

"பனிக்குப் பெற்றோலும் தெரியாது, கரண்டும் தெரியாது. போடா."

தை மாதத்தில் ஒரு காலை. நிழல்கள்கூட வெளியே வர மறுத்து வாசலிலேயே நின்றுவிட்ட குளிர். கார் என்னவோ நல்ல பிள்ளைதான். பாரமான பெற்றரி அடியில் படுத்திருந்ததால், சில்லு சுழலாமல், பூனை நடப்பதுபோலப் பனியில் புறப்பட்டது. தெரு முனையில் மாஸ்ரர் காலை எடுத்துப் பார்த்தார். பழைய காரைப் போலவே மெல்ல உருண்டது.

"பாத்தீரே கிளடிஸ், என்ர சொல்லுக் கேக்குது."

"அதாவது கேக்கட்டும். வீட்டில ஆரும் கேக்கிறேல்லை எண்டு அழுதனீங்கள்தானே."

குளிரில் விறைத்த பெற்றரி, மோட்டர் இழுத்துத் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. அதனால்தான் அந்த இழுவை அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. ஓட ஓடப் பெற்றரி சூடேறியது. இழுவையும் விழித்துக்கொண்டது. இது மாஸ்ரருக்குத் தெரியாது.

தெற்கே இறங்கும் சரிவில் தெருவின் நிறத்திலேயே ஐஸ் கிடந்தது. காரின் வால் சற்று நடுங்கியது. மாஸ்ரர் பதறவில்லை. காலை எடுத்தார்.

பின் சில்லுகளை யாரோ கையால் பிடித்ததுபோல இருந்தது. வால் முன்னுக்கு வந்தது. சேமக்காலைக் கல்லறைகள் தெரிந்தன, பாடசாலை பஸ் தெரிந்தது, மறுபடி சேமக்காலை தெரிந்தது. காரிலிருந்து ஒரு சத்தமில்லை. கிளடிஸின் குரல் மட்டும்தான்.

"இஞ்சருங்கோ, காலை எடுங்கோ! காலை எடுங்கோ!"

"எடுத்திட்டன் கிளடிஸ்! எடுத்திட்டன்!"

பள்ளத்துப் பனியில் கார் பக்கவாட்டாகப் புதைந்து நின்றது. அவருக்கு ஒன்றுமில்லை. இரத்தம் சுத்திகரிக்க அவளுக்கு ஊசி ஏற்றும் கை கதவில் அடிபட்டு நீலமாக வீங்கியது. அந்தக் கை இனி உதவாது என்று ஆஸ்பத்திரியில் கழுத்தில் குழாய் வைத்தார்கள்.

கிளடிஸ் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். "கார் புதுசு. நீங்கள் என்ன செய்வியள்?" என்றாள். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் ஆஸ்பத்திரி வானில போறன். குறை நினையாதேங்கோ."

அவர் றொய்சன் சொன்ன செற்றிங்கைக் குறைத்தார். கோயிலின் வெறும் கார் தரிப்பிடத்தில், உறைந்த பனிமேல் தனியே ஓடி ஓடிப் பழகினார். ஊருக்கே பழக்கிய மனிதர், பழக்குவார் இல்லாமல் பழகினார். கார் கோடு கீறியதுபோல நேராகப் போனது. வீட்டுக்கு ஓடிவந்தார்.

"இப்ப சரிவருது, கிளடிஸ். ஒருக்கா ஏறிப் பாரும்."

அவள் கை, தானாகக் கழுத்துக் குழாய்க்குப் போனது. "வானுக்குச் சொல்லிப்போட்டன்" என்றாள்.

வான் வந்தது. சாரதி இருக்கையில் இருந்தவள் நிரூபா. ஒரு காலத்தில் அவள் பரீட்சையில் தவறிய தவறலில் பரீட்சகர் ஒருவர் உத்தியோகத்தை விட்டுச் சந்நியாசம் போனார். அவளையும் ஒருவழியாகக் கரையேற்றியது மாஸ்ரர்தான்.

"ஐயோ மாஸ்ரர், நீங்களே! அன்ரி, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. சறுக்கினால் டக்கெண்டு காலை எடுப்பன். ஆர் பழக்கினது!"

படியில் வைத்த கிளடிஸின் கால் நின்றது. அவள் புருசனைப் பார்க்கவில்லை.

"இது பெற்றோல் வான்தானே, பிள்ளை?"

"ஓம் அன்ரி. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

ஏறிவிட்டாள். மாஸ்ரர் கதவைச் சாத்தினார். அது ஒன்று அவரால் முடிந்தது.

தெரு முடக்கில் திரும்பும்போது வானின் பின்பக்கம் கொஞ்சம் வழுக்கியது. அடுத்த கணம் நேராகி, மறைந்துபோனது. நிரூபா காலை எடுத்திருக்கிறாள். வாசலில் நின்ற மாஸ்ரரின் வலது காலும் தன்பாட்டில் பனியிலிருந்து எழும்பி, எங்கே இறங்குவதென்று தெரியாமல் நின்றது.